விற்காமல் போக வேண்டிய அட்டை

தேநீர்க் கோப்பையை வைத்து எடுத்த கறையோடு ஒரு கிரிக்கெட் அட்டை ஏலத்துக்கு வந்தால் அதை எப்படி விற்பது? ஏலக்கூடத்தில் விவரம் எழுதும் அடைமொழி இப்படி எழுதினாள்: "பொன்வளையம் சூழ்ந்த பேரபூர்வப் பதிப்பு. வளையம் இயந்திரம் இட்டதல்ல. பெயர் அறியாத ஒரு ரசிகர் தம் கையாலேயே, ஒரே மூச்சில், பிசிறில்லாமல் இட்டது. இதைப் போல இன்னொன்று இருக்க வாய்ப்பே இல்லை." கடைசி வரியில் பொய் ஒன்றும் இல்லை. அதே அட்டையில் அதே இடத்தில் இன்னொரு மகானுபாவர் கோப்பையை வைத்திருப்பாரா என்ன? அட்டை விற்றுப்போனது.

குழந்தை கடித்துத் துப்பிய அட்டைக்கு, "இளம் ரசிகர் ஒருவர் தம் பால்பற்களால் முத்திரையிட்டது" என்று எழுதினாள். அதை ஒரு பல் டாக்டர் எடுத்தார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மேல் வரிசை. ரெண்டாவது பல்லு கொஞ்சம் கோணல்" என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் பெருமையாகச் சொன்னார். பருவம் முழுக்கப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்த மாற்று ஆட்டக்காரர் அவள் கையில் "களத்தில் இறங்காமலே எதிரணியை நடுங்க வைத்தவர்" ஆனார். படம் எடுக்கும் நேரம் பார்த்துக் காலணிக் கயிறு கட்டக் குனிந்துவிட்டவர், "புகழுக்கு முன்னும் தலை வணங்கிய பண்பாளர்" ஆனார். ஒரே அட்டையில் நாற்பது பிரதி வந்து சேர்ந்தபோது மற்றவர்கள் தலையைச் சொறிந்தார்கள். அவள் கண் இமைக்கவில்லை. "நாற்பது உடன்பிறப்புகளும் ஒருநாளும் பிரியாத ஒரே குடும்பம்." ஒன்றே ஒன்று பிரித்துத் தரக் கேட்கலாம் என்று வந்தவருக்கும் மனம் வரவில்லை. கட்டாக எடுத்துப் போனார்.

பெற்றோர் அவளுக்கு வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. ஏலக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் அடைமொழிதான். நேரில் கூப்பிட்டாலும் அப்படித்தான் கூப்பிட்டார்கள், அவளும் அப்படித்தான் திரும்பிப் பார்த்தாள். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. மூக்குக்கண்ணாடி ஒன்று கண்ணிலும் ஒன்று தலைமேலும் இருக்கும். செருப்புக் கடைக்கு மேல் மாடியில் ஒரு நீளக் கூடம், மடக்கு நாற்காலிகள், முன்னால் ஒரு மேசை, அதன் மேல் சுத்தியல். பிஸ்கட் பொட்டலத்துக்குள் ஒரு காலத்தில் போட்டுக் கொடுத்த விளையாட்டு அட்டைகள்தான் அங்கே சரக்கு. முன்பக்கம் ஆட்டக்காரரின் படம், பின்பக்கம் அவருடைய சாதனைக் கணக்கு. வாராவாரம் வியாழக்கிழமை ஏலம். ஒவ்வொரு அட்டைக்கும் விலைப்புத்தகத்தில் நாலு வரி விவரம் எழுதுவது அவள் வேலை.

அதற்கு முன்பு அவள் ஒரு வீட்டுத் தரகரிடம் விளம்பரம் எழுதிக்கொண்டிருந்தாள். கூரை ஒழுகும் வீட்டுக்கு, "மழையை வீட்டுக்குள்ளிருந்தே ரசிக்கலாம்." ரயில் பாதையை ஒட்டிய அறைக்கு, "தனிமை தெரியாது." இந்த மாடிக் கூடத்தையும் அவள்தான் எழுதி வாடகைக்கு விட்டாள்: "படி ஏற ஏற மனம் உயரும்." கைப்பிடியே இல்லாத செங்குத்துப் படி அது. வாசித்து ஏமாந்து, மூச்சு வாங்க ஏறி வந்த ஏலக்கூடத்து முதலாளி நேரே தரகரிடம் திரும்பிப் போனார். "இதை எழுதினது யாரு?" என்று கேட்டார். தரகர் நடுங்கிக்கொண்டே அவளைக் கை காட்டினார். "நாளையிலேருந்து என்கிட்ட வாங்க" என்றார் முதலாளி. அவர் வாழ்க்கையில் ஒரே ஒருமுறை ஏமாந்தது அப்போதுதான், அதையும் லாபமாக்கிக்கொண்டார்.

சிரிப்பைக்கூடச் சில்லறையாகத்தான் செலவழிப்பார் அந்த மனிதர். அவரிடம் ஒரு கறாரான வழக்கம் இருந்தது. விலை உயர்ந்த அட்டை, அதாவது நிஜமாகவே பெரிய ஆட்டக்காரர், நிஜமாகவே அரிய பதிப்பு வந்தால் அடைமொழியை அதன் பக்கமே விட மாட்டார். அவரே எழுதுவார். என்ன அட்டை, என்ன ஆண்டு, என்ன நிலைமை. முற்றுப்புள்ளி. "நல்ல சரக்குக்கு நாம பேசக்கூடாதும்மா, அதுவே பேசும். பேசத் தெரியாததுக்குத்தான் நீங்க" என்பார். அவளுக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை. பேசத் தெரியாததுதான் உலகத்தில் அதிகம் என்பது அவள் கட்சி.

அடைமொழியின் எழுத்தில் விற்காமல் போன அட்டை என்று ஒன்று கிடையாது. வருகிறவர்கள் முதலில் வாய்விட்டுச் சிரிப்பார்கள், சிரித்த கையோடு கையைத் தூக்கிவிடுவார்கள். இந்தப் பெருமையை அவள் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை என்று சொன்னால் அது பொய். அண்ணன் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் சொன்னாள்.

அண்ணனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நகரப் பேருந்துப் பணிமனையில் டயர் பிரிவில் மெக்கானிக். உயரமான ஆள். யார் எந்தப் பக்கமிருந்து ஸ்பேனரை வீசினாலும் திரும்பிப் பார்க்காமலே பிடிப்பார். இளமையில் ஊர்க் கால்பந்து அணியில் மாற்றுக் கோல்கீப்பராக இருந்தார். முதல் கோல்கீப்பருக்குக் காய்ச்சல் வந்ததால் ஒரே ஓர் ஆட்டம் ஆடினார். அதில் ஆறு கோல் வாங்கினார், ஒரு பெனால்டியைத் தடுத்தார். அத்தோடு சரி. முதல் கோல்கீப்பருக்கு அதற்குப் பிறகு காய்ச்சலே வரவில்லை.

பருவம் முடிந்ததும் ஒரு பிஸ்கட் கம்பெனி அணியிலிருந்த எல்லோருக்கும் அட்டை போட்டது. அண்ணனுக்கும் ஒன்று வந்தது. தெருவில் யாரோ, "ஆறு கோல் வாங்கினவனுக்கெல்லாம் அட்டையா" என்று கேட்டார்கள் என்று அதை அடுப்பில் போட்டுவிட்டார். இருபத்திரண்டு வயது ரோஷம். மறுநாளே அதை நினைத்து வருத்தப்படத் தொடங்கியவர், இன்னும் நிறுத்தவில்லை. பணிமனையில் சேர்ந்த புதிதில் வாய் சும்மா இருக்காமல் அந்தக் கதையை நடந்தது நடந்தபடி சொன்னார். அன்றிலிருந்து அவர் பெயர் அங்கே 'ஆறு கோல்'. ஆறு கோலையும் எல்லோரும் நம்பினார்கள், பெனால்டியை ஒருவர்கூட நம்பவில்லை. "பொய் சொல்றவன் எவனாவது ஆறு கோல் வாங்கினேன்னு சொல்வானாடா? ஒண்ணு உண்மைன்னா இன்னொண்ணும் உண்மைதானே?" என்று அண்ணன் வாதாடிப் பார்த்தார். யார் கேட்கிறார்கள்? அவரும் சேர்ந்து சிரிக்கக் கற்றுக்கொண்டார். அந்தச் சிரிப்பில் காது மட்டும் சிவக்கும். அது தங்கைக்கு மட்டும் தெரியும்.

ஒரு சனிக்கிழமை அண்ணன் ஓய்வு பெறுவதாக இருந்தது. அதற்கு முந்தைய வாரம், மூடிப்போன ஒரு பிஸ்கட் கடையின் பரணிலிருந்து ஒரு தகரப்பெட்டி ஏலக்கூடத்துக்கு வந்தது. அடைமொழி இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு கால்பந்து அட்டை. தலை நிறைய முடியோடு ஓர் ஆள் தரைக்குக் குறுக்காகக் காற்றில் கிடந்தான். நீட்டிய விரல் நுனியில் பந்து. 'பந்தைத் தொட்டானா, பந்து இவனைத் தொட்டதா என்பது வரலாற்றுக்கே புதிர்' என்று மனம் பழக்கதோஷத்தில் எழுதத் தொடங்கிவிட்டது. அப்புறம்தான் முழங்கை கண்ணில் பட்டது. பச்சை ஸ்வெட்டரில் நீல நூலால் ஒரு தையல், கோணல்மாணலாக.

அது அவள் போட்ட தையல். ஆட்டத்தன்று காலையில் கிழிசலைப் பார்த்துவிட்டு அண்ணன் குதியாய்க் குதித்தபோது, வீட்டில் பச்சை நூல் இல்லாமல், கிடைத்த நூலால் அவசரமாக இழுத்துத் தைத்தது. அப்போது அவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். இடுக்கியைக் கீழே போட்டுவிட்டு அட்டையை வெறுங்கையால் எடுத்தாள். ஏலக்கூடத்தில் அது மகாபாவம். பின்பக்கத்தைத் திருப்பினாள். "ஆடிய ஆட்டம்: 1. தடுத்த பெனால்டி: 1." ஆறு கோலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிஸ்கட் கம்பெனியில் அன்றைக்கு எழுதியவர் யாரோ, தன் ஜாதிதான் என்று நினைத்து அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இதைச் சனிக்கிழமை பணிமனையில் எல்லோர் முன்னாலும் அண்ணன் கையில் கொடுத்துவிட வேண்டும். அந்த நேரத்தில் அவளுக்கு உலகத்தில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

நேரே முதலாளியிடம் போய் விஷயத்தைச் சொன்னாள். அவர் அட்டையை வாங்கிப் பார்த்தார். நடுவில் ஒரு மடிப்பு. அணி பெயர் தெரியாத அணி, ஆள் பேர் தெரியாத ஆள். "இது பத்துப் பைசா பெறாதும்மா" என்றார்.

"அப்போ எனக்கே குடுத்துடுங்க சார்."

"வந்த பொருள் ஏலத்துக்குப் போயே ஆகணும். வேலை செய்யறவங்களோ அவங்க சொந்தக்காரங்களோ கை தூக்கக்கூடாது. இது உங்களுக்குத் தெரியும். யாருமே கேக்காம திரும்பி வந்தா அடிப்படை விலைக்கு நீங்க எடுத்துக்கலாம். அதுவும் தெரியும்."

"யாரும் கேக்காம போகணும். அவ்வளவுதானே சார்?"

முதலாளி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க எழுத்துல விக்காம போனது ஒண்ணாவது உண்டா?"

"இல்ல சார்."

"அப்போ கஷ்டம்தான்."

கஷ்டம் என்றால் சாதாரணக் கஷ்டமா? அன்று பகல் முழுக்க அடைமொழி பட்ட பாட்டை மேசைதான் சொல்ல வேண்டும். மூன்றே வார்த்தையில் சப்பென்று எழுத உட்கார்ந்தவள், 'பழைய அட்டை' என்று எழுதினாள். 'பழைய' என்றால் தொன்மை என்று நினைத்துவிடுவார்கள், அடித்தாள். 'சாதாரண அட்டை' என்று எழுதினாள். சாதாரணம் என்று வாய்விட்டுச் சொன்னால் அதிலேயே ஓர் அடக்கம், ஓர் அழகு வந்துவிடுகிறது. அதையும் அடித்தாள். கை தானாக 'விண்ணில்' என்று எழுதியது. கையைத் தட்டிவிட்டாள். ஊருக்கெல்லாம் அள்ளி விட்டவள், சொந்த அண்ணனுக்கு ஒரு நல்ல வார்த்தை எழுதாமல் இருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஒருவழியாக மாலையில் முடித்தாள்: "கால்பந்து அட்டை. கோல்கீப்பர். ஒரு மடிப்பு உண்டு." ஒரு கல்லைக்கூட இதைவிட ஆசையாக வர்ணித்திருக்கலாம்.

முதலாளி வாசித்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினார். "நல்லா யோசிச்சிட்டீங்களா?"

"இதைவிட மோசமா எழுத எனக்கு வராது சார்" என்றாள் அவள், வெற்றிக் களிப்போடு. முதலாளி விலைப்புத்தகத்தை அச்சுக்கு அனுப்பினார்.

வியாழக்கிழமை கூடம் நிரம்பி வழிந்தது. உட்கார இடமில்லாமல் படிக்கட்டுவரை ஆட்கள். வழக்கமாக முதல் வரிசையில் உட்கார்ந்து கால் ஆட்டும் பல் டாக்டர் அன்று கால் ஆட்டவில்லை. அவருக்குப் பக்கத்தில் 'சந்தேகம்' உட்கார்ந்திருந்தார். நில அளவை அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர், எந்த அட்டையைக் காட்டினாலும் பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்துவிட்டு, "சந்தேகமா இருக்கு" என்று சொல்வதைத் தவிர வேறு எதுவும் அந்தக் கூடத்தில் சொன்னதில்லை. அன்று அவர் பூதக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மேசைக்குப் பக்கத்தில் அட்டைகளை எடுத்துக் கொடுக்க நின்ற அடைமொழி, அவருடைய விலைப்புத்தகத்தை எட்டிப் பார்த்தாள். ஒரே ஓர் இடத்தில் சிவப்பு மையால் வட்டம். பல் டாக்டரின் புத்தகத்திலும் வட்டம். பின்வரிசையிலும் வட்டம். எல்லா வட்டத்துக்குள்ளும் அண்ணன்.

அப்போதுதான் அவளுக்கு மண்டையில் உறைத்தது. இந்தக் கூடத்தில் சுருக்கமாக எழுதினால் என்ன அர்த்தம்? சொக்கத் தங்கம் என்று அர்த்தம். முதலாளி ஒரு பொருளைப் பற்றி வாயைத் திறக்காவிட்டால்தான் இவர்கள் பையைத் திறப்பார்கள். அவள் எழுத்தையும் இவர்கள் அப்படித்தான் கரைத்துக் குடித்திருந்தார்கள்: புகழ்ச்சி கூடினால் பொருள் மட்டம். ஆறே வார்த்தையில், ஓர் அடைமொழிகூட இல்லாமல் ஓர் அட்டை என்றால் அது எப்பேர்ப்பட்ட அட்டையாக இருக்க வேண்டும்? இது கூடத்தின் கடைக்குட்டி வாடிக்கையாளருக்கும் தெரியும். எழுதியவளுக்கு மட்டும் தெரியாமல் போயிற்று.

முதலாளி அந்த ஆறு வார்த்தையையும் ஏற்ற இறக்கமில்லாமல் வாசித்தார். "கேக்கலாம்" என்றார். ஒரே நேரத்தில் எத்தனை கை எழுந்தது என்று எண்ணவே முடியவில்லை. பல் டாக்டர் கேட்டார், சந்தேகம் மேலே கேட்டார். பின்வரிசைக்காரர் நாற்காலியில் ஏறி நின்று கேட்டார். தொலைபேசியில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தவர், "பாக்காம கேளுங்க, பாக்காம கேளுங்க" என்று மறுமுனையிலிருந்து வந்த கட்டளையை எல்லோருக்கும் கேட்கும்படியே ஒலிபரப்பினார். அண்ணன் விலை ஏறிக்கொண்டே போயிற்று. அவளுக்குப் பயம் ஒரு பக்கம், பெருமை ஒரு பக்கம். அண்ணனுக்காக ஊரே இப்படி அடித்துக்கொண்டு அவள் பார்த்ததே இல்லை. அன்றைய ஆட்டத்தில் கைதட்டியவள் அவள் ஒருத்திதான்.

ஆனால் அட்டை கையை விட்டுப் போகிறதே. என்ன செய்வது என்று கையைப் பிசைந்தவளுக்குச் சட்டென்று ஒரு யோசனை வந்தது. சும்மா விட்டதால்தானே இந்த வினை? அவர்கள் பாஷையிலேயே பேசினால் என்ன?

"சார், விவரத்துல கொஞ்சம் விட்டுப்போச்சு. சொல்லலாமா?" என்றாள். சுத்தியல் விழுவதற்குள் எழுதியவர் திருத்தம் சொல்லலாம், அது கூடத்து வழக்கம். முதலாளி தலையசைத்தார். அடைமொழி அட்டையை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"ரசிகப் பெருமக்களே, இது வெறும் அட்டை அல்ல. காலம் மூச்சை அடக்கி நின்ற ஒரு நொடி. இதோ விண்ணில் மிதக்கும் இந்த ஈடு இணையற்ற மாவீரர், தம் வாழ்நாளில் ஒரே ஓர் ஆட்டத்தைத்தான் ஆடினார். இரண்டாவது ஆட்டம் அவருக்குத் தேவைப்படவில்லை."

முதல் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பல் டாக்டர் கையைக் கொஞ்சம் இறக்கினார். அடைமொழிக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டு போனது.

"ஆறு முறை வலை அசைந்தது. ஆறு முறையும் குனிந்து, பந்தை எடுத்து, புல்லைத் துடைத்து, மரியாதையோடு திருப்பிக் கொடுத்த பெருந்தகை இவர். ஏழாவதாக வந்தது பெனால்டி. பார்க்க வந்தவர்கள் எழுந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் போகவில்லை." இங்கே அவள் அட்டையைக் கொஞ்சம் தாழ்த்தித் தானே ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "ஆறு வாங்கின பிறகும் அவர் அங்கேதான் நின்றார். இடப்பக்கம் பறந்தார். விரல் நுனியால் தட்டினார். முழங்கையில் நீல நூல் தெரிகிறதல்லவா? அது வேறெந்த அட்டையிலும் காணக் கிடைக்காத கைவேலைப்பாடு. ஒரு தங்கை, வீட்டில் பச்சை நூல் இல்லாமல், அண்ணன் கிழிசலோடு நிற்கக் கூடாதென்று தைத்தது. இதைப் போல இன்னொன்று இருக்க வாய்ப்பே இல்லை."

இத்தனை ஆண்டுகளில் முதல் தடவையாக அவள் அள்ளி விட்டதில் ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. கூடம் வயிறு வலிக்கச் சிரித்தது. "தையல் வரைக்கும் வந்துட்டாங்கன்னா உள்ள ஒண்ணுமே இல்லன்னு அர்த்தம்" என்று பல் டாக்டர் கையை மடியில் வைத்துக்கொண்டார். பின்வரிசைக்காரர் நாற்காலியை விட்டு இறங்கினார். தொலைபேசிக்காரர் தொலைபேசியை வைத்தார். எல்லாக் கையும் இறங்கிவிட்டது. அடைமொழி வெற்றிப் பெருமூச்சு விட்டாள்.

"ஒரு தரம்" என்றார் முதலாளி.

அவள் திடுக்கிட்டாள். கடைசியாகக் கேட்டவர் சந்தேகம். கையை இறக்கலாம், கேட்ட விலையை இறக்க முடியுமா? வேறு யாராவது வாயைத் திறந்தால்தான் அவர் தப்பிக்கலாம். சந்தேகம் வலம் பார்த்தார், இடம் பார்த்தார், பின்னால் திரும்பிப் பார்த்தார். எல்லோரும் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "ரெண்டு தரம். மூணு தரம்." சுத்தியல் விழுந்தது. முதலாளி அடைமொழியின் பக்கம் குனிந்து, "உங்க எழுத்துல விக்காம போனது இன்னும் ஒண்ணும் இல்லம்மா" என்றார். அன்றைக்கென்று பார்த்துக் கொஞ்சம் சிரிக்கவும் செய்தார்.

ஏலம் கலைந்ததும் அவள் சந்தேகத்தை வழிமறித்தாள். அவர் முகம் கடுகடுவென்று இருந்தது.

"உண்மையைச் சொல்லுங்கம்மா. யாரு இது?"

"எங்க அண்ணன் சார்."

"அண்ணனுக்கு எதுக்கு ஆறே வார்த்தை?"

"யாரும் கேக்கக் கூடாதுன்னுதான் சார். கேக்காம விட்டா நான் எடுத்துக்கலாம். வர்ற சனிக்கிழமை அவர் ரிட்டயர் ஆகறார். அவர் பெனால்டி தடுத்ததை யாருமே நம்பல. இதைக் காட்டலாம்னு இருந்தேன். நீங்க குடுத்த விலைக்கே எனக்குக் குடுத்துடுங்க."

சந்தேகம் கண்ணைச் சுருக்கினார். "எதுக்கு இவ்வளவு ஆசையா கேக்கறீங்க? அப்போ இதுல என்னமோ இருக்கு. தர மாட்டேன்."

அடைமொழிக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. கோபம் முந்திக்கொண்டது. "நம்பலன்னா ஆளையே வந்து பாருங்க சார். சனிக்கிழமை காலையில, பஸ் டெப்போ, டயர் செக்‌ஷன். லென்ஸையும் எடுத்துட்டு வாங்க."

"எடுத்துட்டுதான் வருவேன்" என்றார் அவர்.

சனிக்கிழமை டயர் பிரிவில் ஒரு பெரிய டயரைப் படுக்கவைத்து, மேலே பலகை போட்டு, கேக் வைத்திருந்தார்கள். அண்ணன் தேய்த்த சட்டையில் கூச்சத்தோடு நின்றார், பக்கத்தில் அண்ணி. அடைமொழி வெறுங்கையோடு வந்திருந்தாள். அண்ணனிடம் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மனிதர் வருவார் என்று அவளுக்கு நம்பிக்கையும் இல்லை, ஆனால் வாசலைப் பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

சூப்பர்வைசர் பேச எழுந்தார். நல்ல மனிதர்தான், வாய்தான் சும்மா இருக்காது. "நம்ம ஆறு கோல் இன்னைக்குப் போறாரு. அவர் ஆறு கோல் வாங்கினதை நாங்க என்னைக்குமே சந்தேகப்பட்டதில்ல." எல்லோரும் சிரித்தார்கள். "அந்தப் பெனால்டியைத்தான் இன்னும் தேடிக்கிட்டிருக்கோம். ஏதாவது டயருக்குள்ள மாட்டியிருந்தா போறதுக்கு முன்னாடி எடுத்துக் குடுத்துட்டுப் போங்க." சிரிப்பு கூரையில் மோதியது. அண்ணனும் சிரித்தார். அவர் காது சிவந்தது. அடைமொழிக்குப் பொறுக்கவில்லை, ஓர் அடி முன்னால் வைத்தாள்.

"டயர் செக்‌ஷன் இதுதானே?" என்று வாசலில் ஒரு குரல். சந்தேகம் வந்துவிட்டார். ஒரு கையில் பூதக்கண்ணாடி, இன்னொரு கையில் கண்ணாடிபோல் பளபளக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் அட்டை. யாரையும் பார்க்கவில்லை, யாரிடமும் வழி கேட்கவில்லை. நேரே அண்ணன் முன்னால் வந்து நின்று அட்டையைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"பெனால்டி எந்தப் பக்கம் வந்துச்சு?" என்று கேட்டார்.

அண்ணன் குழம்பிப்போய்த் தங்கையைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். "எனக்கு இடது பக்கம். அடிக்கறதுக்கு முன்னாடி அவன் ஒரு தடவை அந்தப் பக்கம் பாத்தான். அவ்வளவுதான், பாய்ஞ்சிட்டேன்."

"ஸ்வெட்டர் என்ன கலர்?"

"பச்சை. முழங்கை கிழிஞ்சிருந்தது. இவதான் தச்சுக் குடுத்தா, நீல நூல்ல. டீம்ல எல்லாரும் கிண்டல் பண்ணாங்க."

சந்தேகம் பூதக்கண்ணாடியை முழங்கையின் மேல் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு அதை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, டயர் பிரிவு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "அசல்."

ஏலக்கூடத்தில் யாரும் அவர் வாயிலிருந்து கேட்டறியாத வார்த்தை அது. இது அடைமொழிக்கு மட்டும்தான் தெரியும். அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சூப்பர்வைசர் கேக் வெட்டும் கத்தியோடு வந்து அட்டைமேல் குனிந்தார். முன்பக்கத்தைப் பார்த்தார். பின்பக்கத்தைத் திருப்பி, "ஆடிய ஆட்டம் ஒன்று. தடுத்த பெனால்டி ஒன்று" என்று சத்தமாக வாசித்தார். பிறகு குரலைத் தாழ்த்தித் தனக்காக இன்னொரு முறை வாசித்தார்.

"கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா சார்?" என்று சந்தேகம் அட்டையை உறையிலிருந்து எடுத்துப் பேனாவை நீட்டினார். "வியாழக்கிழமை கூட்டத்துல அடிச்சுப் பிடிச்சு வாங்கினேன். எத்தனை பேர் போட்டி போட்டாங்கன்னு உங்க தங்கச்சியைக் கேளுங்க."

சுற்றி நின்றவர்கள் கிட்டே நெருங்கினார்கள். நகக்கண்ணில் டயர்க் கறுப்பு படிந்த விரலால் அண்ணன் பேனாவைப் பிடித்தார். முதல் எழுத்து கொஞ்சம் கோணலாக வந்தது. சந்தேகம் மை காயும்வரை ஊதிவிட்டு அட்டையை உறைக்குள் போட்டார்.

அடைமொழி அண்ணன் காதருகே போனாள். "அண்ணே, அதை உனக்கு வாங்கித் தரணும்னுதான் இருந்தேன். முடியல. அவரும் தர மாட்டேங்கறார்."

"எனக்கு எதுக்கு அது? நான் தடுத்தேன்னு எனக்குத்தான் தெரியுமே" என்றார் அண்ணன். கண் நிறைந்திருந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. "அவரே வச்சிக்கட்டும். என்னை அடுப்புல போட மாட்டார்."

அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து சூப்பர்வைசர், கை துடைக்கும் துணியைப் பந்தாகச் சுருட்டி, ஒரு வார்த்தை சொல்லாமல் அண்ணனின் இடப்பக்கம் தள்ளி வேகமாக வீசினார். பேனா கீழே விழுந்தது. அறுபது வயது உடம்பு தேய்த்த சட்டையோடு இடப்பக்கம் சாய்ந்து, கேக்கைத் தாண்டி நீண்டது. துணி கையில் இருந்தது. டயர் பிரிவே அதிரக் கைதட்டியது.

சந்தேகமும் கைதட்டினார். அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அடைமொழியிடம் குனிந்து, "யாருங்க இவரு? ஆறு வார்த்தை பத்தாது. இப்பச் சொல்லுங்க, முழுசா எழுதி வச்சுக்கறேன்" என்றார். அவள் வாயைத் திறந்தாள். வாழ்நாள் முழுக்கச் சேர்த்துவைத்த அடைமொழிகளில் ஒன்றுகூட வரவில்லை.

"எங்க அண்ணன்" என்றாள்.